பெயர் எழுதாத கிண்ணம்

காலையில் இளஞ்சிவப்பாக இருந்த திரவம் மாலைக்குள் மஞ்சளாகியிருந்தது.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவள் பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றாள். செல்களை உடம்புச் சூட்டிலேயே வளர்க்கும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று, அருகில் படுத்துத் தூங்குகிறவரின் மூச்சுப்போல முகத்தில் பட்டது. செல்கள் பெருகி உணவைத் தின்று தீர்த்தால் திரவம் மஞ்சளாகும். அப்படித் தின்றது அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இருந்த கிண்ணம். அண்ணன் சொன்னபடி அதை நேற்றே ப்ளீச் ஊற்றி அழித்தாயிற்று. மிஞ்சியது அவளுடைய சொந்தக் கிண்ணம். முன்பு தன் மார்பிலிருந்து எடுத்த, கெடுதலில்லாத சாதாக் கட்டியின் செல்கள்; ஒப்பிட்டுப் பார்க்க வைத்தவை. இத்தனை நாளும் சாதுவாகக் கிடந்தவை.

இரண்டிலும் பெயர் இல்லை.

"நம்ம வீட்டுப் பொம்பளை பேரு ஆஸ்பத்திரி டப்பாவுல ஏறக் கூடாது" என்றிருந்தார் அண்ணன். அக்காவின் கிண்ணத்து மூடியில் அவள் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்தாள்.

"எனக்குப் பேரு வைக்க வீடே கூடி யோசிச்சுதாம். நீ ஒரு புள்ளியில முடிச்சிட்டியேடி" என்று அக்கா சிரித்தாள்.

கட்டி கெட்டது என்று தெரிந்த பிறகும் வைத்தியத்துக்கு அனுப்ப அண்ணனுக்கு மனம் வரவில்லை. போன வாரம் அக்கா போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில் யாரும் உரக்க அழவில்லை.

மூடிகள் மாறியிருக்குமோ? கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அவளே கீறிய கோடு. அவளுடையதுதான்.

நல்ல செல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. பக்கத்துச் செல் பட்டால் நின்றுவிடும். கெட்டது நிற்காது, மேலே ஏறிப் படுக்கும். சிறு வயதில் அக்கா தூக்கத்தில் இவள்மேல் காலைப் போடுவாளே, அப்படி.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

ஏறிக் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று.

அக்காவின் தலையெண்ணெய் வாசம்.

போன் அடித்தது. அண்ணன்.

"அதை ஒழிச்சாச்சா?"

"நேத்தே, அண்ணா. ஆனா... என்னோடதும் அக்காவோடது மாதிரியே ஆயிடுச்சு."

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பேரு எதுவும் எழுதிடலையே?"

போனை வைத்தாள். மறுபடி குனிந்தாள். அவள் பார்க்கப் பார்க்க, செல்கள் ஒதுங்கின. சுவரோரம் நகர்ந்து படுப்பதுபோல. இடம் விட்டு.

கட்டி எடுத்த இடது மார்பின்மேல் பழகிய கனம் ஒன்று மெல்ல வந்து படுத்தது.

"தள்ளிப் படு, அக்கா."

கனம் நகரவில்லை.

இன்னும் நெருங்கிப் படுத்தது.