நல்ல காற்றைச் சுவாசித்த எலிகள்

கண்ணாடித் தகடுகளை மேசையில் வைத்த பிறகுதான், இத்தனை நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது ஆய்வு மாணவி ஃபுமினோவுக்குத் தெரிந்தது.

"துயா சான், இந்த மூணு எலிக்கும் நல்ல காத்துதான் குடுத்தேன். ஆனா ஆக்ஸிஜன் குறைச்ச எலி மாதிரியே மூளை செல் சுருங்கிக் கிடக்கு. நாளைக்குப் பேராசிரியர் பார்த்தா ரெண்டு வருஷ ஆய்வும் குப்பைக்குத்தான்."

ஜப்பானின் செண்டாய் நகர ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளாக மூளையைச் சீவித் தகடாக்குபவள் துயா. நுண்ணோக்கியில் குனிந்தாள். அவளுடைய உதவியாளன் இசாஜி அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டான்.

"யாரோ தகட்டுல ஒட்டின சீட்டை மாத்தியிருக்காங்க. வேணும்னே."

ஃபுமினோ தலைகுனிந்தாள். இரண்டு நாளாக அவள் சந்தேகித்தது தன் கைகளைத்தான்.

"மூச்சுத்திணறிச் செத்த செல் இந்தச் சாயத்துல சிவந்திருக்கும்" என்றாள் துயா. "இது கறுத்திருக்கு. கிளையெல்லாம் திருகாணி மாதிரி முறுக்கியிருக்கு. அதுவும் வலப்பக்கம் ஓரிடம், நேர் எதிரே இடப்பக்கம் ஓரிடம். உள்ள எல்லாம் சுகமா இருக்கு."

குறிப்பேட்டைப் புரட்டினாள். அக்டோபர் இருபது. மூளையை இறுகவைக்கும் மருந்து செலுத்தியது மதியம் ஒன்றேகால். மூளையை எடுத்தது ஒன்றரை.

"மருந்துல இறுகட்டும், ராத்திரி முழுக்க மண்டையோட்டுக்குள்ளயே விடுங்கன்னு சுவத்துல ஒட்டியிருக்கேன். அன்னிக்கு என்ன அவசரம்?"

"ரெண்டு மணிக்கு அஞ்சலிக் கூட்டம்" என்றாள் ஃபுமினோ. "செத்த எலிகளுக்கு வருஷாவருஷம் பூ வைப்போமே. நான் நாற்காலி போடப் போயிட்டேன்."

துயா தேநீர்த் தட்டிலிருந்த பயறுப் பூரண உருண்டையை இசாஜியிடம் நீட்டினாள். வாங்கினான். மிருதுவான மாவின் ஒரு பக்கம் கட்டைவிரலும் எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரலும் பள்ளமாகப் பதிந்தன.

"இறுகாத மூளையை இப்படிப் பிடிச்சா, பிடிச்ச இடத்துல செல் கறுத்து முறுக்கிக்கும். அன்னிக்கு எடுத்தது யாரு?"

இசாஜியின் காதுகள் சிவந்தன.

"சாமந்தி வாங்கற வேலை என்னோடது, துயா சான். கூட்டத்துக்கு முன்னாடி வாங்கணுமேன்னு..."

"எலிக்கு மரியாதை செய்யற அவசரத்துல எலி மூளையை நசுக்கிட்ட."

"அப்போ என் ஆய்வு?" என்றாள் ஃபுமினோ.

"நீ செல் எண்ண வேண்டியது மூளையோட உள்பகுதியிலதான். அதுல ஒரு விரலும் படலை. நடந்ததை ஒளிக்காம எழுதி வை."

தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள் ஃபுமினோ. அவை மீண்டும் அவளுடையவை ஆகியிருந்தன. மூச்சு தாராளமாக வந்தது, கூடவே சிரிப்பும்.

இசாஜி அசடு வழிய உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனான்.

"கீழ வை" என்றாள் துயா. "நாளைக்குப் பேராசிரியர்கிட்ட காட்டணும். அது சாட்சி."