நடுவில் ஓடியவள்

பதில் சீக்கிரம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை. குகைக்குள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சுவரோரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் முன்பக்கம் அவள், கடைசி ஆளாக அவள் புருஷன். "உங்கப்பாகிட்ட போய் சொல்லு, நாளைக்குக் காலைல உங்க அத்தைக்கு ஃபோன் போட்டு முடியாதுன்னு சொல்லணும்னு" என்று அவள் குனிந்து கிசுகிசுத்தாள். சின்னக் கை அவள் கையிலிருந்து நழுவியது. அவள் அடுத்த அடியை ஊன்றுவதற்குள் அதே கை திரும்பி வந்து அவள் விரல்களுக்குள் புகுந்துகொண்டது.

"அப்பா மாட்டேன்னுட்டாரு" என்றது கிசுகிசுப்பு.

அத்தனை பேரைத் தாண்டிப் பின்னால் போய்த் திரும்ப அந்த நேரம் போதவே போதாது. நிதானத்தில் இருந்திருந்தால் யோசித்திருப்பாள். ஆனால் மாட்டானாமே! அந்த ஒரு சொல் உச்சந்தலை வரை ஏறியது. வேறு எதுவும் அதற்குப் பிறகு தலைக்குள் நுழையவில்லை.

சண்டை நேற்று சாயங்காலம் மூண்டது. அவள் மின்சார அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுப்பவள். கரண்ட் போன வீடுகளில் உட்கார்ந்துகொண்டு திட்டுகிறவர்களிடமெல்லாம் "சரிங்க, இப்பவே ஆள் அனுப்பறோம்ங்க" என்று நாள் முழுக்கக் குழைந்து பேசுவது அவள் பிழைப்பு. ஊரார் கோபத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தன் அக்காவோடு ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வரும் கல்வியாண்டிலிருந்து மகள் பொடிசு அத்தை வீட்டில் தங்கிப் படிப்பாளாம். அங்கே பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமாம். அக்காவுக்கும் பிள்ளை இல்லாத குறை தீருமாம். பேசி முடித்தாகிவிட்டது. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, ராத்திரியில் அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. வீட்டில் சும்மா கிடக்கும் நாற்காலியைத் தூக்கிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டான் மனுஷன்.

அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். அவனும் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டான். இந்தச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தார்கள். பொடிசு புது ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருந்தாள், போகாமல் இருக்க வழியில்லை. வேனில் ஜன்னலோரம் இவள், அந்தக் கோடியில் அவன், நடுவில் பொடிசு.

"பொடிசு, உங்கப்பாகிட்ட சொல்லு, தண்ணி பாட்டில் என் பையில இருக்குன்னு."

"அப்பா, தண்ணி பாட்டில்..."

"எனக்குக் காது கேக்குது. தாகம் இல்லைன்னு சொல்லு."

"அம்மா, அப்பாவுக்குக் காது கேக்குதாம்."

முன் சீட்டிலிருந்த புது ஜோடி திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கோர்த்த கையைச் சாப்பிடும்போதுகூட விடாத ஜோடி. இன்னும் ஏழு வருஷம் கழித்து உங்களைப் பார்க்கிறேன் என்று மனதுக்குள் கருவிக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மலையிடுக்கு வழியாக நடை. இரண்டு பக்கமும் செங்குத்தாகச் செம்பாறை, தலைக்கு மேலே நாடா அகலத்துக்கு வானம், காலடியில் எப்போதோ ஓடிய ஆறு விட்டுப்போன மணல். கைடு முன்னால் நடந்தபடி தண்ணீர் எப்படிப் பாறையை அறுத்தது என்று கரகரத்த தொண்டையில் சொல்லிக்கொண்டே போனார். அவள் காதில் எதுவும் விழவில்லை. அவன் வேண்டுமென்றே பின்தங்கி வந்தான், அவள் வேண்டுமென்றே முன்னால் நடந்தாள். பொடிசு நடுவில் ஓடினாள். அம்மாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு, மூச்சிரைக்க, முகம் சிவக்க, ஒவ்வொரு சேதியிலும் பாதியைத் தொலைத்துவிட்டு. அவளுக்கு அது விளையாட்டு. பெரியவர்கள் தன்னைப் பந்தாக்கி எறிந்துகொள்கிறார்கள் என்பது அந்த வயதில் எப்படித் தெரியும்?

குகையின் உள்வாசலில் கைடு எல்லோரையும் நிறுத்தினார்.

"இங்கேருந்து வௌவால் குட்டி போட்டிருக்கிற இடம். வெளிச்சமோ சத்தமோ பட்டா தாய் வௌவால் குட்டியை உதறிட்டுப் பறந்துடும். அதனால விளக்கு கூடாது, பேச்சு கூடாது. கயித்தைப் பிடிச்சுட்டே வந்தா அந்தப் பக்கம் வெளிய போயிடலாம்." உயரமாக இருந்த அவனைப் பார்த்து, "சார், லிஃப்ட் குழில வேலை பாத்து இருட்டு பழக்கம்னு சொன்னீங்களே, நீங்க கடைசில வாங்க" என்றார். பிறகு பொடிசைப் பார்த்தார். "பாப்பா, நீ சமர்த்தா இருக்கணும். உள்ள சத்தமே போடக் கூடாது, ஓடக் கூடாது. யாராவது ஒருத்தர் இவ கையப் பிடிச்சுக்கணும். யாரு பிடிச்சுக்கறீங்க?"

பிள்ளையைத் தாரைவார்த்தவன்தானே, வாயைத் திறந்து 'நீ பிடிச்சுக்கோ' என்று கெஞ்சட்டும் என்று அவள் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கூரையைப் பார்த்தான். பொடிசு நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் வரிசையில் கழுத்தில் கேமராவோடு நின்ற ஒருவர் ஏதோ சந்தேகம் கேட்க, கைடு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். விளக்குகள் அணைந்தன.

அவள் கையைப் பின்னால் நீட்டினாள். ஒரு சின்னக் கை வந்து ஒட்டிக்கொண்டது. பார்த்தாயா, என் பிள்ளை என்னிடம்தான் வரும் என்று அவளுக்கு ஒரு வெற்றிக் களிப்பு.

இருட்டு கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாக இருந்தது. ஈரக்கல்லின் வாடை, அதற்கடியில் வௌவால் எச்சத்தின் நெடி, எங்கோ சொட்டும் தண்ணீர், தலைக்கு மேலே ஆயிரம் தோல்துண்டுகள் ஒன்றோடொன்று உரசுவதுபோன்ற சலசலப்பு. பின்னால் புது ஜோடியின் மூச்சு, அதற்கும் பின்னால் கேமராக்காரரின் ஷூ சரளையில் அரைபடும் ஓசை. முகம் இல்லாத இடத்தில் கோபம் இன்னும் வசதியாக வளர்ந்தது. அலுவலகத்தில் முகம் தெரியாமல் தன்னைத் திட்டுகிறவர்களின் சுகம் இப்போது அவளுக்குப் புரிந்தது. முதல் சேதியை அனுப்பினாள். பதில் வந்தது. அடுத்ததை அனுப்பினாள்.

"அவங்கக்காவுக்குப் பிள்ளை இல்லைன்னா நான் என்ன பண்றதுன்னு கேளு."

கை நழுவியது, திரும்பியது. "அம்மாவுக்கு எப்பவும் கோவம்தான், அவகிட்ட வளந்தா நீயும் அப்படித்தான் ஆவேன்னு சொன்னாரு."

"ஓகோ. அவரு ரொம்ப அமைதி. ஒரு நாளாவது உனக்குத் தலை வாரிவிட்டிருக்காரான்னு கேளு. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்க இருந்தாருன்னு கேளு."

"நீ வீட்ல இருந்தா அவருக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கலையாம்."

இத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. ஆனால் நினைத்திருப்பான் என்று அவள் சந்தேகப்பட்டதுண்டு, சமையலறையில் தனியாக நின்று அழுததும் உண்டு. அதை ஒரு பிள்ளையின் வாயில் போட்டு அனுப்புகிறானே, வெட்கம் கெட்டவன்! வேனில் ஒரு வரியைக்கூட முழுதாகச் சொல்லத் தெரியாத பொடிசு இப்போது ஒரு சொல் சிந்தாமல் கொண்டு வந்து கொட்டுகிறாள் என்பதும், இந்த ஒற்றையடி வழியில் இத்தனை முறை போய்வந்தும் 'பாத்து போ பாப்பா' என்று ஒருவர்கூட முனகவில்லை என்பதும் அவள் மனதின் ஓரத்தில் வந்து நின்றன. அவள் உள்ளே விடவில்லை.

"அம்மா."

"என்ன?"

"அப்பா கேக்கறாரு. இவ்வளவு கஷ்டம்னா என்னை விட்டுடுவியான்னு."

"ஆமாம், விட்டுடறேன்னு சொல்லு! அவரே வெச்சுக்கட்டும். எனக்கு வேண்டாம்."

இந்த முறை கை நழுவவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"இன்னொரு தடவை சொல்லு."

"வேண்டாம், எனக்கு வேண்டாம். போதுமா?"

தண்ணீர் சொட்டுவது நின்றது. மேலே சலசலப்பும் நின்றது. அவள் வாயிலிருந்து வந்தது என்ன என்று அப்போதுதான் அவள் காதுக்கே எட்டியது. குனிந்தாள்.

"கண்ணு, அம்மா கோவத்துல சொல்லிட்டேன்டா. சும்மா சொன்னேன். அப்பாவ வெறுப்பேத்தறதுக்கு."

"அப்பாவும் அதையேதான் சொன்னாரு" என்றது கிசுகிசுப்பு. "வேண்டாம்னு."

குரலில் அழுகை இல்லை. வருத்தம் இல்லை. கணக்கு சரியாக வந்தவர்களின் திருப்தி இருந்தது.

அவள் நின்றுவிட்டாள். புது ஜோடி அவள் முதுகில் இடித்து, மன்னிப்பு கேட்டு முணுமுணுத்து, தாண்டிப் போனது. கேமராக்காரரும் போனார். வழி முன்னால் எங்கோ வளைந்தது. அந்த வளைவுக்கு அப்பாலிருந்து சாம்பல் பூசினாற்போல் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. அவள் வீம்பு உடைந்தது. நேற்றிலிருந்து அடக்கிவைத்த குரலெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

"என்னங்க!"

வௌவால்கள் விழித்துப் படபடத்தன. முன்னாலிருந்து கைடு சத்தம் போட்டார். பின்னால், மிகப் பக்கத்தில், அவன் குரல்.

"ஏன் கத்தற? இப்பதான் பேச வாய் வந்ததா?"

"பிள்ளைகிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க? வேண்டாம்னு சொன்னீங்களா?"

"நீதான் அப்படிச் சொல்லி அனுப்புன! நான் வீட்டுக்கு வராம ஒழிஞ்சாலும் பரவாயில்லைன்னு நீ சொல்லலை? கோவத்துல நானும் வேண்டாம்னு சொன்னேன். நீ பக்கத்துலேயே நடந்து வந்து அவ காதுல ஓதறேன்னுதான் நெனச்சேன்."

"அவ எங்க உங்ககிட்ட..."

"எங்கன்னா? என் தோள்லதான் இருக்கா. விளக்கை அணைச்சதும் ஏறி உக்காந்துட்டா."

அவள் கையில் அந்தக் கை இருந்தது.

இருந்தது. சூடு இல்லை. குளிர்ச்சியும் இல்லை.

"என் கைல..." என்றாள். அவ்வளவுதான் முடிந்தது. அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, அவன் மூச்சு அப்படியே நின்றது.

அப்போது பின்னாலிருந்து, வெகு தொலைவிலிருந்து, விளக்கை அணைத்த அந்த உள்வாசல் பக்கமிருந்து, ஒரு குரல் வந்தது. கிசுகிசுப்பு இல்லை. மூக்கு அடைத்துக்கொண்ட, தேம்பித் தேம்பி உடைகிற, ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் அவளால் அடையாளம் சொல்ல முடிகிற குரல்.

"அம்மா! அப்பா! இப்ப சத்தம் போடலாமா? எனக்கு யாருமே கை குடுக்கலையே!"

"பொடிசு!" இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். நேற்றிலிருந்து அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது. அவள் திரும்பி ஓடப் பார்த்தாள். கை இறுகியது. இழுத்தாள். பாறையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினான், "எறங்கு... எறங்கு..." என்றான், தொண்டை அடைத்தது.

வளைவுக்கு அப்பால் கைடு இவர்களைத் தேடி டார்ச் அடித்தார். அந்த ஒளி பாறையில் பட்டுத் தெறித்து ஒரு நொடி இங்கேயும் வந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த சின்ன விரல்களைப் பார்த்தாள். அதற்கு மேலே மணிக்கட்டு. அதற்கு மேலே முழங்கை இல்லை. மெலிந்த கை ஒன்று நீண்டு, நீண்டு, சுவரில் ஏறி, கூரையோரமாக ஊர்ந்து, இறங்கி, அவள் புருஷனின் தோளில் போய் முடிந்தது. அங்கே அது குந்தியிருந்தது. இன்னொரு கை அவன் கழுத்தைச் சுற்றியிருந்தது. முகம் இருந்த இடத்தில் பொடிசின் முகம் இருந்தது, யாரோ சொல்லக் கேட்டுச் செய்த மாதிரி.

டார்ச் அணைந்தது.

"கடைசி ரெண்டு பேர், சீக்கிரம் வாங்க!" என்றார் கைடு.

கை இழுக்கத் தொடங்கியது. வெளியே போகும் பக்கம். அவள் குதிகால் சரளையில் கோடு கிழித்தது. அவன் ஷூவும். பின்னால் அந்தக் குரல் ஓட ஆரம்பித்து, விழுந்து, எழுந்து, தவறான பக்கம் ஓடி, தேய்ந்தது. அம்மா. அம்மா.

"பொடிசு! அங்கேயே இரு! அம்மா வரேன்!"

அவள் காதோரம், அவன் காதோரம், ஒரே வாயிலிருந்து, பொறுமையாகக் கிசுகிசுப்பு வந்தது.

"அவளைத்தான் ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டீங்களே."