நாற்பத்தொரு நிமிடப் படம்

யாரோ படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மழைக்காக இழுத்துச் சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரக் குடைகளின் வாடையும் ஆறிப்போன காபியின் வாடையும் கலந்து தேங்கிக் கிடக்க, வேலை ஓடாத அந்தப் பிற்பகலில், படம் பார்க்க வீட்டில் அமைத்திருந்த சர்வரை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றுதான் அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். பார்ப்பவர்கள்: 1. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்தச் சர்வருக்கு மூன்றே பேர்தான் பார்வையாளர்கள். அவன், அவன் மனைவி, அவர்களோடு தங்கியிருக்கும் மனைவியின் தம்பி. வீட்டு ஹாலில், புத்தக அலமாரியின் அடித்தட்டில், செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் ஒரு கண்டெய்னர். கண்டெய்னருக்குள் படம் காட்டும் நிரல். கம்பெனியின் நூற்றைம்பது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

கண்டெய்னர் என்பது சாத்திய அறை மாதிரி. உள்ளே ஓடும் நிரலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. எந்த ஃபோல்டரைக் காட்டுகிறோமோ அது மட்டும் தெரியும். கண்டெய்னரை அழித்தால் உள்ளே சேர்ந்ததெல்லாம் தடயமில்லாமல் போய்விடும். அவனுக்கு அதில் பிடித்ததே அந்தச் சுத்தம்தான். அவன் காட்டியிருந்தது ஒரே ஒரு ஃபோல்டர், படங்கள் உள்ளது. அதிலும் படிக்க மட்டுமே அனுமதி.

ஓடிக்கொண்டிருந்த படத்துக்கும் பெயரில்லை. நீளம் நாற்பத்தொரு நிமிடம். படங்கள் ஃபோல்டரில் அப்படி ஒன்று இல்லை. இரண்டு முறை தேடினான்.

மனைவியைக் கூப்பிட்டான்.

“டிவில என்ன ஓடுது?”

“டிவியப் போடவே இல்லங்க. துணி தேச்சிட்டு இருக்கேன். மலை மாதிரி கெடக்கு.”

“உன் தம்பி?”

“அந்த எருமை காலையிலயே பட்டறைக்குப் போயிட்டான். செகப்பு மழைக்கோட்டு கண்ணுக்கு முன்னால தொங்குது, எடுக்கத் தெரியல. ஏன் கேக்குறீங்க?”

“சர்வர்ல யாரோ படம் பாக்குறாங்க.”

“அதான் கீழ கெடந்து கத்திட்டு இருக்கா? காலையிலேர்ந்து மாவு மில்லு மாதிரி ஒரே சத்தம். வந்து அது வாய அடைங்க.”

மூன்று இருபது. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டான்.

அவன் வீட்டு ஹால். தரையோடு தரையாகக் கிடந்து எடுத்த கோணம். நாற்காலிக் கால்கள், இஸ்திரி மேஜையின் குறுக்குக் கால்கள், அதன்மேல் பாதி தேய்த்த அவனுடைய சட்டை, ஒரு கை தொங்கியபடி. ஆள் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐந்து. பால்கனித் தகரத்தில் மழை கொட்டும் ஓசை மற்ற எல்லா ஓசைகளையும் தின்றுகொண்டிருந்தது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து பார்த்தால் ஹால் இப்படித்தான் தெரியும் என்று அவனுக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. அங்கே கேமரா கிடையாது. அந்த வீட்டிலேயே கேமரா கிடையாது.

ஐந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அவன் கண்ணை எடுக்கவில்லை.

கடிகாரம் நான்கு பத்தைத் தொட்டபோது வாசற்கதவு அதிர்ந்தது. மீண்டும் அதிர்ந்தது. மூன்றாம் முறை தாழ்ப்பாள் பிய்ந்து தரையில் விழுந்து, உருண்டு, திரைக்கு மிக அருகே வந்து நின்றது. கறுப்பு மழைக்கோட்டு. தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. கையில் முழங்கை நீளத்துக்கு ஏதோ இரும்பு. வந்தவன் ஏதோ கத்தினான், மழையில் கேட்கவில்லை. படுக்கையறைப் பக்கம் நடந்தான்.

படம் நின்றது. வட்டம் சுற்றியது.

ஒலி நிற்கவில்லை. ஈரத்துணி மூட்டையைக் கல்லில் போட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு அவன் மனைவியின் அலறல். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். மறுபடி அந்தச் சத்தம். மறுபடி. பிறகு அதுவும் நின்றது.

பதினொரு வருடப் பழக்கம். எது சிக்கினாலும் தலை யோசிப்பதற்குள் விரல் முந்திக்கொள்ளும். கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பும் ஒற்றை வரிக் கட்டளை அவன் விரல் நுனியில் இருந்தது. அடித்து, பொத்தானைத் தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

சர்வர் படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக மாற்றித்தான் அனுப்பும். மாற்றிய துண்டுகள் கண்டெய்னருக்கு உள்ளேயே இருந்தன. அழிந்தன. வந்தவன் தொப்பியைத் தள்ளியிருந்தால், முகம் தெரிந்திருந்தால், அந்தத் துண்டில் இருந்திருக்கும்.

படப் பட்டியல் திரும்ப வந்தது. பெயரில்லாத படமும் வந்தது. ஆனால் முதலிலிருந்து, துண்டு துண்டாக, நத்தை வேகத்தில். ஆறாவது நிமிடம் வந்து சேர அரை மணி நேரம் ஆகும்.

“கதவப் பூட்டு,” என்றான் போனில்.

“என்னங்க ஆச்சு?”

“மொதல்ல பூட்டு. தாப்பாளும் போடு. ஒருத்தன் வருவான். கறுப்பு மழைக்கோட்டு. கையில இரும்பு வெச்சிருப்பான்.”

“யாரு?”

“தெரியல. பெட்ரூம் கதவுக்குப் பின்னால நில்லு. கனமா எதாவது எடுத்துக்க. உள்ள வந்தான்னா கேள்வி கேக்காத. அடி. எந்திரிக்க விடாத.”

“வெளையாடுறீங்களா?”

அவன் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“சரி,” என்றாள். எதற்கும் நான்கு கேள்வி கேட்டு, இரண்டு குத்தல் குத்திவிட்டுச் செய்கிறவள்.

“போன அணைச்சு வெச்சிரு. அது சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துரும்.”

அணைத்துவிட்டாள்.

போலீஸுக்கு அடித்தான். வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். இன்னும் வரவில்லை என்றான். “வந்ததும் கூப்பிடுங்க சார்,” என்றார் எதிர்முனையில் இருந்தவர். அவனே போகலாம் என்றால் வழியில் பாலத்துக்கு அடியில் இடுப்பளவுத் தண்ணீர். மதியமே பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள்.

மச்சான் வேலை செய்யும் பைக் பட்டறை வீட்டுப் பக்கம்தான்.

“என்ன மாமா, படம் ஓடலையா? அதுக்கும் ஆயில் மாத்தணுமா?”

“டேய், உடனே வீட்டுக்குப் போ. அக்கா தனியா இருக்கா. எவனோ உள்ள புகப் போறான்.”

சிரிப்பு நின்றது. “எவன்?”

“தெரியாது. சும்மா போகாத. கையில எதாவது எடுத்துக்க.”

“பட்டறையில இரும்புக்கா பஞ்சம். ஒரு வண்டிய மூட்டி முடிச்சாத்தான் வெளிய விடுவாரு முதலாளி. அரை மணியில நிப்பேன்.” பிறகு தாழ்ந்த குரலில், “அக்கா மேல எவன் கை வெக்கிறான்னு பாத்துடுறேன் மாமா.”

தம்பி வருகிறான் என்று மனைவியிடம் சொல்லக் கூப்பிட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போகட்டும், ஒன்றுக்கு இரண்டு பேர் என்று நினைத்தான். அந்த நினைப்பில் கொஞ்சம் மூச்சுக்கூட விட்டான்.

பார்ப்பவர்கள்: 9. ஒருவருக்கும் பெயரில்லை.

மூன்று ஐம்பத்தாறுக்கு ஆறாவது நிமிடம் வந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் உருண்டது. கறுப்பு மழைக்கோட்டு உள்ளே வந்து கத்தியது. மழைக்கு அடியில், இப்போது, அந்த ஒரு சொல்.

“அக்கா.”

மேஜைமேல் சட்டை இருந்தது, இஸ்திரிப் பெட்டி இல்லை என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

மழைக்கோட்டு திரும்பியது. முதுகில் வெள்ளை எழுத்து. பட்டறையின் பெயர். முதலாளியின் கோட்டு.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். முதல் அடி பின்மண்டையில். அவன் முழங்காலில் விழுந்தான். இரும்பு கையிலிருந்து நழுவியது, பெரிய ஸ்பேனர். கையை உயர்த்தினான். கையோடு சேர்த்து அடித்தாள். அலறிக்கொண்டே அடித்தாள். அலறலுக்குள் அவன் குரல் போயே போய்விட்டது. குப்புற விழுந்தவன் புரண்டான். முகத்தில் அடித்தாள். எந்திரிக்க விடவில்லை.

துண்டு முடிந்தது. வட்டம்.

மூன்று ஐம்பத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

மனைவி. அணைக்கப்பட்டுள்ளது.

மச்சான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மழையில், கோட்டுக்கு உள்ளே, சட்டைப் பைக்குள், ஓடும் வண்டியில்.

மனைவி. அணைக்கப்பட்டுள்ளது.

மச்சான். மணி.

கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டு எண் அவனிடம் இல்லை. ஆறு வருடமாகச் சிரித்துவிட்டுப் போகிற மனிதர். பெயர்கூடத் தெரியாது.

நான்கு இரண்டு. வேறு எதுவும் செய்யக் கையில் இல்லாதவன், தெரிந்ததைச் செய்தான். கண்டெய்னரை நிறுத்தினான். அழித்தான். அது எழுந்து வந்த மூலப் பிரதியையும் அழித்தான். கண்டெய்னர்களின் பட்டியல் வெறுமையாக நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். அதுதான் விதி. அதற்காகத்தானே அது.

மச்சானுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான்கு ஐந்துக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி வந்தது. அவன் எதையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது என்றது. எந்த ஃபோல்டரும் காட்டப்படவில்லை. எதைப் படிக்கவும் அனுமதி இல்லை.

பார்ப்பவர்கள்: 214.

படம் தானாகத் திறந்தது. நாற்காலிக் கால்கள். சட்டை. கடிகாரத்தில் நான்கு ஐந்து. அலுவலகச் சுவரிலும் நான்கு ஐந்து.

நான்கு எட்டு. தூரத்தில் ஒரு பைக். அந்த வண்டியின் இருமல் அவனுக்குத் தெரியும்.

“வேணாம்,” என்றான் திரையைப் பார்த்து.

பைக் நின்றது. படிக்கட்டில் ஓடி வரும் கால்கள். கதவைத் தட்டும் சத்தம். அக்கா. அக்கா, கதவத் தெற. உள்ளே பதிலில்லை. கேள்வி கேட்காதே, அடி என்றுதானே சொல்லியிருந்தான்.

கதவு அதிர்ந்தது.

“வேணாம்டா. போயிடு.”

அதிர்ந்தது.

பிய்ந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஹெட்போனைக் கழற்றக் கை வரவில்லை. ஒன்று. அலறல். இரண்டு. மூன்று. நான்காவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஐந்து. எண்ணுவதை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

பிறகு மழை மட்டும்.

மேஜைமேல் போன் அடித்தது. மனைவி.

“வந்தான்,” என்றாள். மூச்சு வாங்கியது. “நீங்க சொன்ன மாதிரியே. கறுப்புக் கோட்டு. விழுந்துட்டான். ஆனா அசையுறான்ங்க. இன்னும் அடிக்கட்டுமா?”

“வேணாம். கீழ போடு. போட்டுரு.” அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “அவன் மொகத்தப் பாரு.”

திரையில் அவள் மண்டியிட்டாள். தொப்பியை இரண்டு விரலால் விலக்கினாள். ஒட்டியிருந்தது. உரித்தெடுத்தாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

அலறவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள், தரை சுட்டுவிடாதபடி, எப்போதும் வைப்பதுபோல். கழுத்தோடு கிடந்த துப்பட்டாவால் அந்த முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முகம் இடம் மாறியது.

“என்னங்க,” என்றாள். “இவன் எப்ப வந்தான்?”

அவன் போனை ஹெட்போனோடு சேர்த்து அழுத்தினான்.

“நனைஞ்சு போயிருக்கான் பாருங்க. தலையெல்லாம் ஈரம்.” துடைத்துக்கொண்டே இருந்தாள். “டேய். தம்பி. மாமா லைன்ல இருக்காரு.”

போனைக் காதிலிருந்து எடுத்தாள். குனிந்து, தம்பியின் காது இருந்த பக்கம் வைத்தாள். பதமாக, தூங்குகிறவனை எழுப்பாமல் தலையணை வைப்பதுபோல். ஹெட்போனில் அவனுக்குத் தன் மூச்சே கேட்டது. அந்த அறையில், தரையில், அந்தக் காதுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்த மூச்சு.

பார்ப்பவர்கள்: 2,316. படம் முடிய முப்பத்திரண்டு நிமிடம் பாக்கி.

அந்த முகம் திரையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவனைப் பார்த்துக் கிடந்தது. ஒரு கண் திறந்திருந்தது. அதற்குக் கீழே எதுவும் எதன் இடத்திலும் இல்லை. வாய் இல்லை.

அவள் குனிந்து கேட்டாள். தலையாட்டினாள்.

“பேசுங்க,” என்றாள். “ம் போடுறான்.”