செருப்புப் பெட்டிச் சிகுராட்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே பதினாறு படிகள். அதில் எட்டாவது படி சுண்டுவுக்கும் நெட்டைக்கும் சொந்தம். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சாயங்காலமானால் இருவரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். சொந்தமாகிவிட்டது.

சுண்டு இரண்டாம் மாடி, நெட்டை மூன்றாம் மாடி. பெயரைக் கேட்டாலே யார் குள்ளம், யார் உயரம் என்று தெரிந்துவிடும். முதல் பல் ஆடியது, சைக்கிள் பழகி முழங்காலைத் தேய்த்துக்கொண்டது, காய் விட்டது, பழம் விட்டது எல்லாம் அந்தப் படியில்தான். அதையெல்லாம் இன்று நினைத்தாலும் சுண்டுவுக்குச் சிரிப்பும் வரும், மூக்கும் ஒழுகும்.

அவர்களுக்குப் பத்து வயதானபோது, நர்ஸாக இருந்த நெட்டையின் அம்மாவுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற லாரி வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தானா டீச்சருக்கு மாதிரி உருவம் செய்யச் சொல்லத் தோன்ற வேண்டும்? இரண்டு இரண்டு பேராகச் செய்ய வேண்டும். ஒருவர் எகிப்து நாட்டுப் பிரமிடு, இன்னொருவர் மெசபடோமியாவின் அடுக்குக் கோபுரமான சிகுராட். வெள்ளிக்கிழமை வகுப்பில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும்.

வகுப்பில் சுண்டுவின் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி எப்போதும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அவள் காதில் விழுந்தது வேறு.

"அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஒரு சிகரெட் செய்யணும். பெருசா."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அப்பாவுக்குப் புரையேறியது. "யாரும்மா சொன்னது?"

"டீச்சர்தான். அதுல மேல ஏறிப் போகப் படி வேற இருக்கணுமாம்."

அம்மா பாடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். "சிகுராட்டுடி, சிகுராட். நல்லவேளை, கடைக்கு வாங்கப் போகாம இருந்தியே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா செருப்புக் கடையில் வேலை பார்த்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஒண்ணு மேல ஒண்ணு, போகப் போகச் சின்னதா. எங்க கடையில இல்லாத அளவா?" மறுநாள் ஆறு காலிப் பெட்டிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் பூட்ஸ் பெட்டி. அப்புறம் ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சின்னக் குழந்தைகள். உச்சியில் நடை பழகும் பாப்பாவின் ஷூ வந்த குட்டிப் பெட்டி. அதுதான் கோயில்.

சுண்டு ஒவ்வொரு பெட்டியிலும் செங்கல் செங்கலாகக் கோடு போட்டாள். அட்டையை மடித்து ஒவ்வொன்றிலும் சின்னப் படிக்கட்டு ஒட்டினாள். அடுக்கி வைத்தால் அடியிலிருந்து உச்சிவரை படி சேர்ந்துவிடும். உடனே நெட்டையிடம் காட்ட மாடிக்கு ஓடினாள்.

நெட்டையின் வீட்டில் சுவரெல்லாம் காலி. பேசினால் எதிரொலித்தது. நெட்டை தரையில் உட்கார்ந்து களிமண்ணில் பிரமிடு பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு குழி விட்டு, அதற்குள் ஏதோ வைத்தாள். சுண்டு எட்டிப் பார்த்தாள். இருவரும் சேர்த்து வைத்த பொக்கிஷம்! பச்சைக் கோலி, பாதியாக நறுக்கிப் பங்கு போட்ட ரப்பர், இரண்டு பேரின் விழுந்த பற்கள்.

"என்னடி செய்யற?"

"உள்ள வச்சு மூடப் போறேன்."

"அப்புறம் எப்படி எடுக்கறது?"

"எடுக்க முடியாது. ராஜாவை வச்சுக் கல்லைப் போட்டு மூடிடுவாங்கல்ல? அந்த மாதிரி. ஞாயித்துக்கிழமையோட எல்லாம் முடிஞ்சுது."

"நாம என்ன செத்தா போயிட்டோம்?"

நெட்டை தலையைத் தூக்கவில்லை. "முதல் பெஞ்சுக்காரி போன வருஷம் ஊரை விட்டுப் போறப்ப லெட்டர் போடறேன்னா. போட்டாளா?"

போடவில்லைதான். சுண்டு அன்று எட்டாவது படியில் நிற்காமலே இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் நெட்டை முதலில் பேசினாள். "பிரமிடு கல்லால கட்டினது. பக்கமெல்லாம் சரிவா இருக்கும், உச்சி கூர்மையா இருக்கும். அது ராஜாவோட கல்லறை. மூடிட்டா யாரும் போகக் கூடாது."

அடுத்து சுண்டு. "சிகுராட் மண் கல்லால கட்டி, வெளிய சுட்ட செங்கல் வச்சது. அடுக்கடுக்கா இருக்கும். அது கல்லறை இல்லை. உச்சி தட்டையா இருக்கும், அங்க..."

உச்சியில் இருந்த கோயிலைத் தொட்டுக் காட்ட எக்கினாள். மேசை உயரம், சுண்டு குள்ளம். கை இடித்து ஆறு பெட்டிகளும் சரிந்து உருண்டன. வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"அடடா, உடைஞ்சு போச்சா?" என்றார் டீச்சர்.

சுண்டு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்ப அடுக்கினாள். படிகள் பழையபடி சேர்ந்துகொண்டன.

"உடையல டீச்சர். பிரிஞ்சுது, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. நெட்டையைத் திரும்பிப் பார்த்தாள். நெட்டையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து கட்டில், பீரோ எல்லாம் இறங்கின. சுண்டு ஆறு பெட்டிகளோடு எட்டாவது படியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக நெட்டை வந்தாள், கையில் பிரமிடு.

"ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துக்க. மூணு உனக்கு, மூணு எனக்கு. உச்சிக் கோயில் உன்கிட்ட இருக்கட்டும்" என்றாள் சுண்டு.

"மூணை வச்சு நான் என்ன செய்ய? படி சேராதே."

"சேராதுதான். அதனால நீ வந்துதான் ஆகணும்."

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க வீட்ல சுத்தியல் இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"பிரமிடுல திருடணும்."

இரண்டே தட்டு. கோலியும் ரப்பரும் பற்களும் குட்டிப் பெட்டிக்குள் பத்திரமாக ஏறின. படியெல்லாம் களிமண். யார் கூட்டுவது என்று சண்டை வருவதற்குள் லாரி ஹார்ன் அடித்துவிட்டது.

வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. பூட்ஸ் பெட்டியைக் குப்பையில் போடலாமா என்று அம்மா கேட்டபோது, சுண்டு அதன்மேல் ஏறி உட்காராத குறை.

முழுப் பரீட்சை லீவு விட்ட அன்று யாரோ கதவைத் தட்டினார்கள். சுண்டு திறந்தாள். இன்னும் ஒரு சாண் வளர்ந்த நெட்டை, கையில் துணிப்பையோடு நின்றாள்.

"உன்னோட மூணு எங்கடி?"

ஆறு பெட்டியையும் அடுக்கினார்கள். படி கச்சிதமாகச் சேர்ந்தது. சிகுராட்டையும் வைத்து இரண்டு பேரும் உட்கார எட்டாவது படியில் இடம் போதவில்லை. முட்டி முட்டியோடு இடித்தது. ஆனாலும் இருவரும் ஒன்பதாவது படிக்குப் போகவில்லை.