பூஜ்யத்தில் நின்ற முள்

பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்ட பிறகும், இடது ஓரத்தில் கிடக்க வேண்டிய மீட்டர் முள் நடுங்கிக்கொண்டிருந்தது.

ராகவேந்திரன் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். நடுக்கம் நிற்கவில்லை. மந்தைவெளிக் குடியிருப்பில் மதியம் மூன்று மணி, வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. மூடிய ஜன்னலுக்குள் புழுக்கமும் சால்டரிங் புகையின் பழைய நெடியும், அவற்றுக்கடியில் எங்கிருந்தோ ஈரக் கிணற்று வாசனையும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன.

தண்ணீரில் ஈயம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி அது. பென்சில் நுனி அளவு சென்சாரை அவரே செய்தார். போன வருஷம், தொண்ணூற்று மூன்று கோடையில், குடியிருப்புக் கிணற்றைச் சோதிக்கச் சொன்னார்கள். முதலில் சுத்தமான நீரில் சென்சாரை முக்கி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்திருந்தது. சோம்பல், வேறென்ன? குழாயைத் திறந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே பூஜ்யம் வைத்துவிட்டார். அப்புறம் கிணற்றில் முக்கினால் பூஜ்யம் காட்டாமல் வேறென்ன காட்டும்?

"இனிமே தண்ணி லாரிக்கு க்யூல நிக்க வேண்டாமோல்லியோ மாமா?" என்றாள் அன்று கீழ்வீட்டுச் சாருலதா. இடுப்பில் நாலு வயது மகள் ஜானு.

"தாராளமா குடிக்கலாம்மா."

மறுவாரம் வடிநீர் வந்தது. சென்சாரை முக்கியதும் முள் பூஜ்யத்துக்கும் கீழே, இடது ஓரத்தில் போய் விழுந்தது. அப்படியென்றால் கிணற்றில் ஈயம். அப்போதே மாடியிறங்கிச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் வாங்கிய பாராட்டு வாயை அடைத்தது. ஜானுவுக்கு வயிற்றுவலி வந்தது, பிறகு வலிப்பு. தை மாதம் போய்விட்டாள். வெட்கங்கெட்ட மனுஷன், அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

இன்று காலை சாருலதா மாடிப்படியில் நின்று, "ஏழாம் மாசம் மாமா. நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லிருக்கா டாக்டர்" என்று சிரித்தாள். இன்றாவது சொல்லிவிடுவது என்றுதான் கருவியை வெளியே எடுத்தார்.

முள் நகர்ந்தது. இடது ஓரத்திலிருந்து, பூஜ்யத்தை நோக்கி.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் நெருங்கினால்தான் அது பூஜ்யத்துக்கு வரும்.

சமையலறையில் சொட்டுச் சத்தம். பிறகு கூடத்தில். தரையில் ஈரம். சின்னச் சின்னப் பாதங்கள்.

எழுந்து கதவுக்கு ஓட நினைத்தார். சாருலதாவைக் கூப்பிட நினைத்தார். வாய் திறக்கவில்லை. பழகிப்போன வாய்.

மேஜை விளிம்புக்கு மேலே ஒரு டம்ளர் எழும்பியது. அதைப் பிடித்திருந்த விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. சென்சார் தானாக நழுவி டம்ளருக்குள் இறங்கியது.

"தாராளமா குடிக்கலாம் மாமா."

டம்ளர் அவர் உதட்டைத் தொட்டது. முள் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது.