ஊர்க் கூடை

கனகாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. அவளோடு ஐந்தாம் வகுப்பில் படிக்கும் திருமலை, திங்கட்கிழமை முதல் எளாவூர் டீக்கடைக்கு வேலைக்குப் போகிறானாம்!

"படிப்பு?" என்று அவனிடமே கேட்டாள்.

"அவ்ளோதான். பொயல் காத்துல நைனா வலை பூடுச்சி. புதுசு வாங்க டப்பு வேணும்ல?"

அது 1972-ஆம் வருடம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில் எல்லோரும் உதவத்தான் பார்த்தார்கள். ஆனால் திருமலையின் அம்மா தாயாரம்மாள் யாரிடமும் கை நீட்டமாட்டாள். கனகா கொண்டுபோன மீனைக்கூட வாங்கவில்லை.

"நாங்க இன்னா பிச்சையா கேட்டோம்? எடுத்துக்கினு போ!"

கனகாவுக்கு மூக்கு விடைத்தது. வழியெல்லாம் யோசித்தாள்.

மறுநாள் காலை, மீன் ஏலம் விடும் இடத்தில் பெரிய கூடை ஒன்றை வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் ஏலம் விடும் ராஜவேலு.

"ஊர்க் கூடை மாமா. ஆளுக்கொரு மீன் போடணும். வித்து, கஷ்டப்படற ஊட்டுக்குக் குடுக்கணும். இன்னிக்கி ஒருத்தருக்கு, நாளிக்கி இன்னொருத்தருக்கு."

"அடேங்கப்பா, பெரிய மனுசி!" சிரித்துக்கொண்டே ஒரு மடவை மீனைப் போட்டார்.

சேற்றில் பிடித்த நண்டுகளோடு தாயாரம்மாள் வந்தாள்.

"அத்தே, நீங்க?"

ஐயையோ, அவளிடமே கேட்டுவிட்டாளே! எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன், நாங்க குடுக்கமாட்டோமா?" இருப்பதிலேயே பெரிய நண்டாகப் பார்த்துப் போட்டாள் தாயாரம்மாள்.

அப்புறம் பார்க்கவேண்டுமே! படகுகள் வரவர, இறாலும் கெளுத்தியும் விழுந்துகொண்டே இருந்தன. கூடை நிரம்பி மணலில் வழிந்தது. நம் குப்பத்தில் இவ்வளவு கைகளா! மணலில் விழுந்ததையெல்லாம் கனகா பாவாடையில் அள்ளிக்கொண்டாள்.

கூடை மீனும் விற்றுப்போய், ஏலம் முடிந்தது.

"மொதல்ல எந்த ஊட்டுக்கு?" என்றார் ராஜவேலு.

"தாயாரு ஊட்டுக்கு!" கரையே கத்தியது.

"எனக்கு வாணாம்!"

"உங்க நண்டும் இதுல கீதே அத்தே! நீங்களும் குடுத்தீங்க, நாங்களும் குடுத்தோம். இதுல பிச்சை எங்க வந்துச்சி?" என்றாள் கனகா.

தாயாரம்மாளின் கண் கலங்கியது. சிரிப்பும் வந்துவிட்டது.

"வாயாடி!" என்று கனகாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் புது வலையோடு திருமலையின் அப்பா ஏரிக்குப் போனார். திருமலை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினான்.

கூடையை எடுத்துவரக் கரைக்கு ஓடிய கனகா, அப்படியே நின்றுவிட்டாள். அதில் அதற்குள் பாதிக்கு மேல் மீன். யாரும் கேட்கவே இல்லை!

"இன்னிக்கி யாருக்கு மாமா?"

"யாருக்கோ!" என்றார் ராஜவேலு. "மொதல்ல ரொம்பட்டும்."