நியூயார்க் மார்க்கெட் ஏழுக்கா, எட்டுக்கா?

“செத்த வழி விடுங்க... மார்க்கெட் திறந்துரும்!”

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அடைமழை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ்ஸின் படியை அடைத்துக்கொண்டு, மழை விடட்டும் என்று நின்றவன் திரும்பினான். ஒட்ட வெட்டிய முடி... இமையில் தொங்கும் மழைத்துளி... யுவராணிக்கு ஒரு நொடி அவசரமே மறந்துபோனது.

“பொழுது சாஞ்ச பொறவு எந்த மார்க்கெட்டுங்க திறக்கும்? காய்கறிக் கடையெல்லாம் மூடுத நேரம்லா?”

“நியூயார்க் ஷேர் மார்க்கெட்டு! அங்க காலையில ஒம்பதரைன்னா இங்க சாயங்காலம் ஏழு. அங்க திறக்கும்போது நான் இங்க ஆபீஸ்ல இருக்கணும். போதுமா?”

மறுநாளும் அதே பஸ்... அதே அவன். பெயர் வேல்பாண்டி. சேத்தூர்க்காரன், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தினமும் இதில்தான் திரும்புவான். “என்ன, அமெரிக்கா முழிச்சிருச்சா?” என்று சீண்டுவான். அவள் முறைப்பாள். முறைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள்.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை அவன் சீண்டவில்லை.

“அம்மாவ நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. திங்கக்கிழமை ராத்திரி எட்டேகால் ரயில்ல நானும் போறேன்... எல்லைக்கு. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?”

அவளுக்கு அக்கா ஞாபகம் வந்தது. அக்காவின் புருஷனும் பட்டாளம்தான். போனவர் பெட்டியில் வந்தார்... ‘இனி பட்டாளத்துக்காரனுக்கு இந்த வீட்டுல பொண்ணு கிடையாது’ என்று அப்பா அன்றே சொல்லிவிட்டார். அக்கா இன்னும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“திங்கக்கிழமை மார்க்கெட் திறக்குறதுக்குக் கால் மணி முன்னால இதே பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. சொல்லுதேன்.”

போன் நம்பர் கேட்டான். வீம்பாகக் கொடுக்காமல் போனாள்.

திங்கட்கிழமையும் மழை ஓயவில்லை. ஏழே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து இறங்கிவிட்டாள். அவனைக் காணோம்.

“அந்தப் பட்டாளத்துத் தம்பியா?” என்றாள் டீக்கடை மாரிக்கனி. “ஆறே முக்கால்ல இருந்து நனைஞ்சுக்கிட்டே நின்னாரு. இப்பத்தான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனாரு.”

ஆறே முக்காலா... ஐயோ!

குளிர்காலம் என்று அமெரிக்காவில் நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இன்றிலிருந்து மார்க்கெட் எட்டு மணிக்குத்தான். ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு யார் சொல்வது? இந்த மடச்சிக்கு அது தோன்றவே இல்லையே!

ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினாள். வண்டி வந்து நின்றிருந்தது. பெட்டி வாசலில் அவன்.

“நீங்க வராததுலயே பதில் தெரிஞ்சிருச்சுங்க... போங்க, நனையாதீங்க.”

“மார்க்கெட் இன்னைக்கு எட்டு மணிக்கு! அங்க கடிகாரத்த மாத்திட்டாங்க... ஒங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

அவன் நம்பாமல் பார்த்தான். அவள் மூச்சு வாங்கியபடி அத்தானைப் பற்றிச் சொன்னாள்... அப்பா சொன்னதையும் சொன்னாள். அவன் முகம் இருண்டது.

“அப்போ வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்களா?”

வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“ஆமா... வேண்டாம்னு சொல்லத்தான் பஸ் ஏறுனேன். நீங்க போயிட்டீங்கன்னு டீக்கடைக்காரக்கா சொன்னதும் எனக்கு உசுரே போயிருச்சு. பயமாத்தான் இருக்கு... இருந்தாலும் ஒங்களத்தான் பிடிச்சிருக்கு. அம்புட்டுப் பிடிச்சிருக்கு!”